பூச்சியம் எடுத்த பிள்ளை

மன்னார்த் தீவை ஆராயாதவர்கள் குறைவு. மண்ணுக்குள் என்ன கனிமம் கிடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். காற்றில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். கடலுக்கடியில் வாயு உண்டா, பூநாரைகள் எந்த மாதம் எந்தக் கரையில் இறங்குகின்றன, பட்டணத்துக் கழுதைகளுக்கு ஏன் காலில் புண் வருகிறது, எல்லாவற்றுக்கும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கதிரை போட்டுச் சோடா உடைத்துக் கொடுத்தோம். ஆகவே, எங்கள் பிள்ளைகளின் மண்டைக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க ஒரு நடுவம் வருவதாகப் பேசாலை மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவித்தபோது ஒருவரும் திடுக்கிடவில்லை. மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

நடுவத்தின் பெயர் கரையோர இளமன முன்னறிதல் நடுவம். அதற்கு ஒரு வெள்ளை வான் இருந்தது. வானின் இரண்டு பக்கமும் சிரிக்கிற மூளை ஒன்றின் படம் இருந்தது. தலைவர் பேராசிரியர் இரத்தினம் கொழும்பிலிருந்து வந்து கோயிலின் பங்கு மண்டபத்தில் நல்ல தமிழில் பேசினார். மனச்சிதைவு திடீரென்று வருவதில்லை என்றார். வருவதற்கு முன்னாலேயே இளம்பிள்ளைகளில் அதற்கான சாடைகள் தெரியும், அப்படிச் சாடை தெரிகிற பிள்ளைகளை அதி ஆபத்து நிலையினர் என்று அழைக்கிறோம் என்றார். இவ்வளவும் சரி. பிறகு சொன்னதுதான் எங்களுக்கு நெடுநாள் கழித்து விளங்கியது.

"உலகம் இதுவரை நோயாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. நோயாளியில் விஞ்ஞானத்துக்கு என்ன சுவாரசியம்? வந்தது வந்துவிட்டது. நாங்கள் வரப்போகிறவர்களைப் பார்க்கிறோம். வரும்வரை பார்ப்போம். இடையில் குறுக்கிடமாட்டோம். அந்த நேர்மைக்காகத்தான் எங்களுக்கு நிதி தருகிறார்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்த வின்சன்ட்தான் அதிக நேரம் தட்டினார். அவர் நண்டுவலைக்காரர். யாரையும் எதிர்த்துப் பேசி அறியாத மனிதர். பேராசிரியரின் பேச்சில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைப் பார்க்கப் பெரிய டொக்டர் வந்திருக்கிறார் என்பதுதான் அது.

வின்சன்டுக்கு மதுஷிகா ஒரே பிள்ளை. பள்ளியில் ஏஎல் படிக்கிறவள், கோயிலில் பாடுகிறவள். ஈஸ்டருக்குப் பிறகு பாட்டு நின்றது. கூடப் படிக்கிற பெட்டையள் தன்னைப் பற்றித்தான் கதைக்கினம் என்று சொல்லி ரியூசனை விட்டாள். போனை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தாள். தாய் திரேசம்மா சோறு போட்டால், "இதை ஆர் சமைச்சது?" என்று கேட்டாள். வின்சன்ட் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டு வாய் திறவாமல் இருக்கிற நேரத்தில், "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டு அழுதாள். தாயும் தகப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தார்கள். விசர், பைத்தியம் என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. ஊரில் அது ஒரு தரம் வெளியே வந்துவிட்டால் பிள்ளையின் கலியாணத்தையும் கெடுத்துவிட்டுத்தான் அடங்கும். பெரியாஸ்பத்திரிக் கிளினிக் வாங்கில் போய் இருந்தால் நாலு பேர் காண்பார்கள். இந்த நேரத்தில் மூளை சிரிக்கிற வான் ஒன்று ஊர் வாசலுக்கே வந்து நின்றால், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரித்தானே.

மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பங்கு மண்டபத்துக்குப் போகிற வழியில் வின்சன்ட் அவளுக்கு ஒரு புத்தி சொன்னார்.

"ஆர் என்ன கேட்டாலும் இல்லை எண்டு சொல்லு பிள்ளை. மிச்சத்தை நான் கதைக்கிறன்."

இதை விளங்கிக்கொள்ள எங்கள் கரையில் பிறந்திருக்க வேண்டும். வின்சன்ட் இளந்தாரியாக இருந்த யுத்த காலத்தில், கையில் பேப்பரோடு கேள்வி கேட்கிறவர்கள் ஒரே மாதிரித்தான் கேட்பார்கள். இவனைத் தெரியுமா, அவனைக் கண்டதா, படகில் வேறு யாரும் வந்தார்களா. இல்லை என்று சொன்னவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஓம் என்று தொடங்கியவர்களில் சிலரை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை. சீவியத்தில் வின்சன்ட் கற்றுக்கொண்டு பலித்த பாடம் அது ஒன்றுதான். அதைத்தான் மகளுக்குக் கொடுத்தார்.

பெற்றோரை உள்ளே விடவில்லை. வெளியே மரத்தடியில் இருத்தி ஒரு பெட்டிச் சோறு கொடுத்தார்கள். உள்ளே மதுஷிகாவைக் கேள்வி கேட்டவள் வசந்தமலர், நானாட்டான் ஊர்ப் பிள்ளை, பட்டம் முடித்து நெடுங்காலம் வேலையில்லாமல் இருந்து இந்த ஒப்பந்த வேலையில் சேர்ந்தவள். ஆருக்கும் கேட்காத குரல் உமக்குக் கேட்கிறதா? இல்லை. ஆராவது உம்மைக் கவனிக்கிறார்களா? இல்லை. எழுதி முடித்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். டொக்டர் தன்னைக் கூப்பிடுவார், நடந்ததெல்லாம் சொல்லலாம் என்று வின்சன்ட் பொழுது சாயும்வரை மரத்தடியில் இருந்தார். வான் ஸ்டார்ட் ஆனபோதுதான் எழுந்தார்.

நடுவத்துக்கு இதற்கிடையில் ஒரு பெரிய தலையிடி வந்திருந்தது. எங்கள் பொடியங்கள் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லியிருந்தார்கள். வழக்கத்துக்கு மாறான இரைச்சல் ஏதும் கேட்கிறதா என்று கேட்டால், ஓம், இரவிரவாகக் கேட்கிறது என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் காற்றாலை சுற்றினால் கேட்காதா? ஆராவது பின்தொடர்கிறார்களா என்று கேட்டால், ஓம் என்று மோட்டார் சைக்கிளின் நிறத்தையும் சொன்னார்கள். காற்றாலை வேண்டாம் என்று மறியல் போராட்டத்தில் இருந்தவர்களை ஹெல்மெற்றைக் கழற்றாத ஒருவர் நின்று படம் எடுத்தது ஊரறிந்த விஷயம். கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு பேசுகிறீர்களா என்று கேட்டால், ஓம், காலையிலும் மாலையிலும், மாதாவோடு என்றார்கள். யாராவது உங்கள் உடைமையைக் களவெடுப்பதாக எண்ணுகிறீர்களா என்ற கேள்விக்கு, இந்திய றோலர் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன கதையை மூச்சு விடாமல் சொன்னார்கள். இந்த வினாக்கொத்தைக் குளிர்நாடு ஒன்றில், ஒருவரும் ஒருவரையும் திரும்பிப் பாராத ஊரில் இருந்து எழுதியிருக்க வேண்டும்.

வசந்தமலர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சேர், இதெல்லாம் மெய்யாகவே நடக்கிற விஷயங்கள் என்றாள். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். மெய்யா பொய்யா என்ற பகுதி வினாக்கொத்தில் இல்லை என்றார். நிதி கொடுப்பவர்களுக்கு அன்றைக்கே செய்தி போனது. உலகத்திலேயே ஆபத்துச் செறிவு கூடிய கரை மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்கள் மகிழ்ந்துபோய் இன்னொரு வான் அனுப்பினார்கள்.

ஆனால் ஆராய்ச்சி என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான பிள்ளைகளும் வேண்டுமாம். எங்கே போவது? தலைமன்னாரிலிருந்து தாழ்வுபாடு வரை தேடியும் ஓம் ஒன்றுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் ஒன்றிரண்டாவது எடுக்காத பிள்ளை அகப்படவில்லை. தேடிக் களைத்தபோதுதான் பூச்சியம் எடுத்த ஒரே பிள்ளையின் பெயர் மேலே வந்தது. மதுஷிகா. கரையோரத்தின் ஆகச் சுகமான மனம்.

அதற்குப் பிறகு அவளை விடுவார்களா? வீட்டுக்கு வந்து ஆரோக்கிய மனம் என்று எழுதிய ரீசேட் சட்டை கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இவரைப் போல் வாழ்வோம் என்று கீழே எழுதி, பேசாலை பஸ் தரிப்பிடத்திலும் பட்டணத்துச் சந்தையிலும் ஒட்டினார்கள். மதுஷிகா அதைக் கண்ட நாள் தொடக்கம் வாசற்படி தாண்டவில்லை. தெருவில் எல்லோரும் தன்னையே பார்க்கினம் என்று தாயிடம் சொன்னாள். திரேசம்மாவுக்கு அதை இல்லையென்று மறுக்க முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் திரேசம்மாதான் வாய் திறந்தாள். மானம் மரியாதையை அடுப்பில் போடுங்கோ, பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவம் என்றாள். வின்சன்ட் எதற்கும் ஒரு தரம் நடுவத்தில் கேட்டுவிடுவோம் என்று பட்டணத்துக்குப் போனார். மாடிவீடு ஒன்றை எடுத்துக் குளிரூட்டி வைத்திருந்தார்கள். வசந்தமலரைக் கண்டதும் அவர் உள்ளதைச் சொன்னார்.

"மிஸ், இல்லை எண்டு சொல்லச் சொன்னது நான்தான். பிள்ளை சுகமில்லை. திருப்பி ஒருக்காக் கேளுங்கோ."

வசந்தமலர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய திரையின் முன்னால் இருத்தினாள். திரையில் பேராசிரியர் கொழும்பிலிருந்து தோன்றினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒருவர் கொடுத்த விடையைத் தகப்பன் வந்து திருத்துவது விஞ்ஞானம் ஆகாது என்று விளங்கப்படுத்தினார். பெற்றோரின் கவலையைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எழுதலாம் என்று வசந்தமலரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"சமைச்சது ஒண்டும் வாயில வைக்கிறாள் இல்லை, டொக்டர். வாய் ஒட்டின பிஸ்கற் பக்கற் எண்டாத்தான் சாப்பிடுறாள்."

"உணவு நாலாம் பகுதியில் வருகிறது. முதலாம் பகுதியில் ஓம் சொன்னவர்களிடம்தான் நாலாம் பகுதியைக் கேட்பது. உங்கள் மகள் சொல்லவில்லை."

"அப்ப நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவோ?"

"தாராளமாக. அது உங்கள் உரிமை. ஒரு குளிசை விழுங்கினாலும் அவள் எங்கள் பார்வையிலிருந்து விலகிவிடுவாள், அவ்வளவுதான். சில மாதத்தில் எங்கள் மீளாய்வு விழாவுக்கு நான் வரும்போது அவளை நானே நேரில் பார்ப்பதாக இருந்தேன். இந்தத் துறையில் இந்த நாட்டில் எனக்கு மேல் ஆள் இல்லை. யோசித்துச் செய்யுங்கள்."

வின்சன்ட் யோசித்தார். யோசிக்கச் சொன்னால் ஏழை எந்தப் பக்கம் யோசிப்பான் என்பது பேராசிரியருக்குத் தெரியும். நாட்டிலேயே பெரிய டொக்டர் தானாக வந்து பிள்ளையைப் பார்க்கிறேன் என்கிறார். அதை விட்டுவிட்டுக் கிளினிக்கில் போய் வரிசையில் நிற்பதா? வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னார். பெரிய டொக்டர் வருமட்டும் வருத்தம் பொறுத்திருக்குமோ என்று திரேசம்மா கேட்டாள். அவர்தானே இதுக்கு மேலான ஆள் என்று வின்சன்ட் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மாதங்களில் மதுஷிகா மெலிந்துகொண்டே போனாள். கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடினாள். தாயோடு மட்டும் இரண்டொரு சொல் பேசினாள். நடுவம் மாதாமாதம் வந்து கேட்டது, அவளும் மாதாமாதம் இல்லை என்றாள். பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது.

மீளாய்வு விழா பட்டணத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. குத்துவிளக்கு, மாலை, பாண்ட் வாத்தியம், வெளிநாட்டு விருந்தினர், அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒன்றுக்கும் குறைவில்லை. திரேசம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். விழா முடிந்ததும் டொக்டர் தனியறையில் பிள்ளையைப் பார்ப்பார் என்ற நம்பிக்கையில் வின்சன்ட் முன்வரிசையில் இருந்தார். வாசற்படி தாண்டாத மதுஷிகாவை வசந்தமலர்தான் நயமாகப் பேசி வானில் கூட்டி வந்திருந்தாள். அவளுக்கு ரீசேட்டைப் போட்டு மேடையில் நடுக்கதிரையில் இருத்தியிருந்தார்கள். அவள் அசையாமல் இருந்தாள். அந்த அமைதியைப் பேராசிரியர் விருந்தினருக்குச் சுட்டிக் காட்டினார். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு, தான் நேரில் பார்ப்பதாகச் சொன்ன பார்வையைத் தொடங்கினார்.

"மகள், உங்களுக்கு ஏதும் குரல் கேட்கிறதா?"

"இல்லை."

"பயம் ஏதும்?"

"இல்லை."

கைதட்டல் எழுந்தது. பேராசிரியருக்குக் குஷி பிறந்துவிட்டது. வின்சன்டைக் கைகாட்டி, விளையாட்டாகக் கேட்டார்.

"முன்னுக்கு இருக்கிறது உங்கள் அப்பாதானே?"

"இல்லை."

மண்டபம் சிரித்தது. மதுஷிகா சிரிக்கவில்லை. மைக்கைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அப்பாவை மாத்திப்போட்டினம். இது வேற ஆள்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தடுமாறிவிட்டு, இந்தத் திட்டத்தால் தன் தகப்பனே புதிய மனிதராக மாறிவிட்டார் என்று அவள் சொல்வதாக விருந்தினருக்குச் சொன்னார். அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நகைச்சுவை உணர்வு ஆரோக்கிய மனத்தின் உச்ச அடையாளம் என்றார் பேராசிரியர்.

வின்சன்ட் அதுவரை மகளின் ஒவ்வொரு இல்லையையும் தான் சொல்லிக்கொடுத்தது என்றே நினைத்திருந்தார். இதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுந்து மேடைக்கு ஏறினார். ஒருவரும் தடுக்கவில்லை, நன்றியுரைக்கு ஏறுகிறார் என்று நினைத்தார்கள். அவர் கையைப் பிடித்ததும் மதுஷிகா உதறிக்கொண்டு பின்னால் போனாள். அந்நிய ஆம்பிளை ஒருவன் தொட்டால் ஒரு பெண்பிள்ளை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். வின்சன்டுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. என்னோட வாங்கோ தங்கச்சி என்று வசந்தமலர் வந்து கேட்ட பிறகுதான் அவள் இறங்கினாள். வசந்தமலர் அவளோடு ஓட்டோவில் ஏறினாள். வின்சன்ட் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனார். மண்டபத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் இடையில் பாதை அவ்வளவு குறைவு என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அங்கே இருந்தது இர்ஷானா என்ற இளம் டொக்டர், முசலிப் பக்கத்துப் பிள்ளை. மதுஷிகாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து, மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல் ஒன்றை அவள் கையிலேயே கொடுத்து, அவளே திறக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து வின்சன்டிடம் எல்லாம் விசாரித்தார்.

"மாற்றம் தெரிஞ்ச உடன ஏன் கொண்டு வரேல்லை, அண்ணை?"

"உடன கொண்டு போனனான் டொக்டர். அவையளிட்ட."

இர்ஷானா அவரை ஏசவில்லை. முதல் மாதங்களில் கை கொடுத்திருந்தால் லேசாக இருந்திருக்கும் என்றார். இப்போதும் மோசமில்லை, ஆனால் மெதுவாகத்தான் வரும், மருந்தை நெடுங்காலம் விடக்கூடாது என்றார். வின்சன்ட் சுவரோடு சாய்ந்து நின்று அழுதார்.

நடுவத்துக்கு இப்போது கணக்கில் ஒரு சிக்கல். நோய் வந்த பிள்ளையை ஆரோக்கியக் குழுவில் வைத்திருக்க முடியாது. ஏற்கெனவே நோய் வந்துவிட்டதால் ஆபத்துக் குழுவிலும் சேர்க்க முடியாது. ஆகவே மதுஷிகா வெளிமாவட்டத்துக்கு இடம்பெயர்ந்தார் என்று பதிந்தார்கள். எங்கள் ஊருக்கு இடப்பெயர்வு புதிதல்ல, ஆனால் கட்டிலில் படுத்திருந்தபடியே இடம்பெயர்ந்தவள் இவள் ஒருத்திதான். அதற்குச் சம்மதக் கையெழுத்து வாங்க லக்சன் என்ற புதுப் பொடியன் வார்ட்டுக்கு வந்தான். ஒப்பீட்டுப் பிள்ளை ஒன்றை ஓட்டோவில் ஏற்றிய குற்றத்துக்காக வசந்தமலரை அதற்குள் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வின்சன்ட் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வரமுன்னம் போய்க் கேட்டன், ஒண்டும் வரேல்லை எண்டியள். இப்ப வந்திட்டுது, வந்ததை நாங்கள் பாக்கிறேல்லை எண்டுறியள். தம்பி, இதுக்கு நடுவில என்ர பிள்ளை எப்ப உங்களுக்கு ஆள்?"

அதற்குப் பதில் சொல்லத் தனக்கு அனுமதியில்லை என்று லக்சன் மரியாதையாகச் சொன்னான்.

அறிக்கை வந்தது. ஆரோக்கியக் குழுவில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை என்று அதில் இருந்தது. ஆபத்துக் குழுவிலும் ஒருவருக்கும் வரவில்லை. அவர்களில் பலர் கட்டாருக்குப் போயிருந்தார்கள், சிலர் கலியாணம் கட்டியிருந்தார்கள், மிச்சப் பேர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இடையறாத பார்வையே அவர்களைக் காப்பாற்றியது என்று பேராசிரியர் எழுதினார். அவருக்கு ஒரு விருதும் நடுவத்துக்கு அடுத்த கட்ட நிதியும் கிடைத்தன. அடுத்த கட்டம் பெருநிலப்பரப்பில், இலுப்பைக்கடவையில் தொடங்கியது.

யாரையும் எதிர்த்துப் பேசி அறியாத வின்சன்ட் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. பாலம் தாண்டி இலுப்பைக்கடவைக்குப் போய், பாடசாலை மண்டபத்துக்கு எதிரே தெருவில் நின்றார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுச் சொன்னார். பிள்ளை மாறி நடந்தால் இங்க கொண்டு வராதேங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, உள்ளதைச் சொல்லுங்கோ. சிலர் ஒதுங்கிப் போனார்கள். சிலர் அவரைப் பார்த்துத் தலையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்கள். ஜன்னலால் கவனித்த பேராசிரியர் லக்சனைக் கூப்பிட்டுக் குறிக்கச் சொன்னார்: ஒரு நிறுவனம் தன் குடும்பத்துக்குத் தீங்கு செய்ததென்ற அசைக்க முடியாத நம்பிக்கை, பொது இடத்தில் தனியாக நின்று பேசுதல். அருமையான அறிகுறிகள் என்றார். வயது எல்லை தாண்டிவிட்டது, இல்லையென்றால் சேர்த்திருக்கலாம் என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

பூமணி என்ற ஒரு வயற்காரப் பெண், குனிந்த தலை நிமிராத மகளின் கையைப் பிடித்தபடி வந்தவள், வின்சன்ட் சொன்னதைக் கேட்டு நின்றாள். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை கிளினிக் என்று கேட்டாள். அவர் சொன்னார். டொக்டரின் பெயரையும் சொன்னார்.

"உங்கட பிள்ளைக்கு இப்ப எப்பிடி, ஐயா?"

"மருந்து குடிக்கிறாள். தாய் குடுத்தாச் சாப்பிடுறாள். போன கிழமை கொஞ்சம் பாடினவள். நான் உள்ளுக்குப் போனா நிப்பாட்டிப்போடுவாள். அதால நான் வெளியில நிண்டு கேக்கிறனான்."

பூமணி மண்டப வாசலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மகளைத் திருப்பிக்கொண்டு, மன்னார் பஸ் வருகிற பக்கம் போய் நின்றாள்.